விறகு அறுக்க ஒரு ‘ரிக்’!

நாமக்கல் மாவட்டத்தில் ‘ரிக்’ என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆழ்குழாய்க் கிணறு போடுகிற லாரிதான் ரிக். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து புறப்படும் இந்த வண்டிகள், பல மாநிலங்களுக்குப் போய்ப் பூமியைத் துளைக்கின்றன.

பாறையைத் துளைக்கும் கருவியை ஒரு மனிதன் கையில் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? முடியாது. அதனால்தான் அதை ஒரு சட்டத்தில் மாட்டினார்கள். சட்டத்தை லாரியில் ஏற்றினார்கள். பிடித்துக்கொள்வது சட்டத்தின் வேலை. ஓட்டுவது மட்டும் மனிதனின் வேலை.

இதே யோசனையை விறகுக்கும் கொண்டு வரலாம். மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தை ஒரு சட்டத்தில் மாட்டினால், அதுவும் ஒரு சின்ன ரிக்தான். வெளிநாடுகளில் பல குடியானவர்கள் இதை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். நம் ஊர் வெல்டிங் பட்டறையிலும் இதைச் செய்ய முடியும்.

ஆனால் ஒன்று. நன்றாகச் செய்தால், கையில் பிடிக்கும் ரம்பத்தைவிட இது பத்திரமானது. அரைகுறையாகச் செய்தால், இதைப் போல ஆபத்தானது வேறு இல்லை. எப்படிச் செய்வது, எங்கே ஜாக்கிரதையாக இருப்பது என்பதை இங்கே பார்ப்போம்.

மலையடிவாரத்தில் விறகு

கொல்லிமலையின் அடிவாரத்தை ஒட்டிய பேரூராட்சி, காளப்பநாயக்கன்பட்டி. நாமக்கல், சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து மலைக்குப் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் காரவள்ளிக்குப் போகிறார்கள். காரவள்ளியில் மலைப்பாதை தொடங்குகிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள்!

மலைமேல் காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன. காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும். அதற்காகச் ‘சில்வர் ஓக்’ மரங்களை வளர்க்கிறார்கள். அவற்றின்மேல் மிளகுக் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். இந்த மரத்தின் சொந்த நாடு ஆஸ்திரேலியா.

நிழல் அதிகமானால் காப்பி காய்க்காது. எனவே கிளைகளைக் கழிக்க வேண்டும். கழித்த கிளைகள் கைத்தடிப் பருமன், மணிக்கட்டுப் பருமன், மிஞ்சினால் முழங்கைப் பருமன் இருக்கும். மரக்கடைக்கு இவை ஆகா. விறகுக்கு ஆகும்.

வீட்டுக்கு வீடு காஸ் அடுப்பு வந்த பிறகு விறகு எதற்கு என்று கேட்கலாம். குளிக்க வெந்நீர் போட, நெல் அவிக்க, கலியாணச் சமையலுக்கு, பலகாரக் கடைக்கு, செங்கல் சூளைக்கு, கிழங்கு வேக வைக்க என்று இன்றும் விறகு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. மத்திய அரசு ஏழைக் குடும்பங்களுக்குக் காஸ் இணைப்புக் கொடுக்கும் உஜ்வலா திட்டத்தை 2016-ல் தொடங்கியது. அதற்குப் பிறகும், சிலிண்டரைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, மற்றதற்கெல்லாம் கொல்லைப்புற அடுப்பையே மூட்டுகிற வீடுகள் ஏராளம்.

நூறு வெட்டும் ஐந்து வெட்டும்

ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டு வாசலில் 20 கழிகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 6 அடி நீளம், 2 அங்குலப் பருமன். அடுப்பில் வைக்க ஓர் அடித் துண்டுகள் வேண்டும்.

ஒரு கழியை ஆறு துண்டாக்க ஐந்து வெட்டுப் போட வேண்டும். 20 கழிக்கு எத்தனை? நூறு வெட்டு! ஒவ்வொரு வெட்டுக்கும் குனிய வேண்டும். கழியை மிதித்துக்கொள்ள வேண்டும். கொடுவாளை ஓங்க வேண்டும்.

இப்பொழுது அந்த 20 கழிகளையும் ஒன்றாக அடுக்கிக் கட்டுங்கள். கட்டு ஏறக்குறைய 10 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் இருக்கும். கட்டு முழுவதையும் ஒரே வீச்சில் அறுக்கும் ரம்பம் இருந்தால்? ஐந்தே வெட்டு. 120 துண்டுகள் தயார்!

கணக்கு இவ்வளவுதான். சட்டம் செய்வதன் லாபம் இந்தக் கட்டில் இருக்கிறது. ஒற்றைக் கழியை அறுப்பதற்காகச் சட்டம் செய்கிறவன் இரும்பை வீணாக்குகிறான்.

வட்ட ரம்பம் போதாதா என்று சிலர் கேட்பார்கள். வட்ட ரம்பத்தின் நடுவில் அச்சு இருக்கிறது. அதனால் தன் குறுக்களவில் பாதிகூட அதனால் ஆழமாக அறுக்க முடியாது. 8 அங்குலக் கட்டை ஒரே தடவையில் அறுக்க, 16 அங்குலத்துக்கும் பெரிய வட்டத் தகடு சுற்ற வேண்டும். அதற்கேற்ற மோட்டார் வேண்டும், மேடை வேண்டும். அது ஒரு தொழிற்சாலைச் சாமான். சங்கிலி ரம்பமோ ஒரு சாக்குப் பையில் அடங்கிவிடும்.

எலும்பு அறுக்கப் பிறந்தது!

சங்கிலி ரம்பம் முதன்முதலில் எதை அறுத்தது தெரியுமா? மரத்தை அல்ல, எலும்பை!

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் ஜான் எயிட்கன், ஜேம்ஸ் ஜெப்ரே என்று இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். பல் வைத்த சின்னச் சங்கிலியின் இரு முனையிலும் கைப்பிடி மாட்டி, எலும்பைச் சுற்றிப் போட்டு, மாறி மாறி இழுத்து அறுக்கும் கருவியை அவர்கள் காலத்தில் உருவாக்கினார்கள். மயக்க மருந்து வருவதற்கு முந்திய காலம் அது. நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது அல்லவா?

மரத்துக்கு அது வர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஜெர்மனியில் ஆண்டிரியாஸ் ஸ்டீல் என்ற என்ஜினீயர் 1926-ல் மின்சாரச் சங்கிலி ரம்பம் செய்தார். 1929-ல் பெட்ரோலில் ஓடும் ரம்பம் செய்தார். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய பாரம் அது.

பாரம் ஒருபுறம் இருக்க, அந்தக் காலச் சங்கிலிகள் அடிக்கடி மொட்டையாகிவிடும். அதற்கு வழி கண்டுபிடித்தது ஒரு புழு என்று சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்பவர் இருந்தார். மரம் அறுப்பதில் அனுபவம் உள்ளவர். 1946-ல் ஒரு நாள் அவர் விறகு வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு மரக்கட்டையில் வண்டுப் புழு ஒன்று ஊர்வதைக் கண்டார். அது மரத்தை இடதும் வலதுமாக மாறி மாறிக் கடித்துக்கொண்டு போயிற்று. நார் எந்தப் பக்கம் ஓடினாலும் அதற்குக் கவலை இல்லை!

காக்ஸ் அந்தப் புழுவின் வாயை உற்றுப் பார்த்தார். அதைப் போலவே இடப்பக்கம் ஒரு பல், வலப்பக்கம் ஒரு பல் என்று மாற்றி மாற்றி வைத்துச் சங்கிலி செய்தார். 1947-ல் தம் வீட்டின் நிலவறையிலேயே அதைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். இன்று உலகில் விற்கும் சங்கிலிகளில் மிகப் பெரும்பாலானவை அதே வழியில் அமைந்தவையே. விறகு வெட்டும்போது கண்டுபிடித்து, வீட்டில் செய்த பொருள் என்பதைக் கவனியுங்கள்.

பஸ்ஸைவிட வேகம்

இந்த ரம்பத்தில் நீண்ட இரும்புப் பட்டை ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் விளிம்பைச் சுற்றிச் சங்கிலி ஓடும். எவ்வளவு வேகம்? வினாடிக்குச் சுமார் 20 மீட்டர். அதாவது மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். கொல்லிமலை வளைவில் ஏறும் பஸ்ஸைவிடப் பல மடங்கு வேகம்.

பட்டையின் அடிப்பக்கத்தில் சங்கிலி என்ஜினை நோக்கி ஓடும். மேல்பக்கத்தில் என்ஜினை விட்டு வெளியே ஓடும். அடிப்பக்கத்தால் அறுத்தால் ரம்பம் மரத்தைத் தன் பக்கம் இழுக்கும். அது சரியான வழி.

ஆபத்து இருப்பது மூக்கில்! பட்டையின் நுனியைத்தான் மூக்கு என்கிறோம். அதன் மேல் பாதி ஓடும்போது எதையாவது தொட்டால் பல் கடித்துக்கொள்ளும். சங்கிலி முன்னே போக முடியாது. அந்த வேகம் முழுவதும் ரம்பத்தை மேலே தூக்கிப் பின்னால் எறியும். பின்னால் யார் இருக்கிறார்? அறுக்கிற மனிதர். கண் இமைக்கும் நேரத்தில் பட்டை அவருடைய முகத்துக்கோ கழுத்துக்கோ வந்துவிடும். கை அதைத் தடுக்கும் முன்பே எல்லாம் நடந்து முடிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. பெரிய மரத்தைவிடச் சின்னக் கழிதான் பொல்லாதது. பெரிய மரம் அசையாமல் கிடக்கும். கழி அப்படி அல்ல. சங்கிலி அதைக் கவ்வி இழுக்கும். சாட்டைபோல ஆள்மேல் வீசும். ஒரு காலால் கழியை மிதித்துக்கொண்டு, ஒரு கையால் ரம்பத்தைப் பிடித்து அறுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கால் இதுவரை தப்பியது அதிர்ஷ்டம், சாமர்த்தியம் அல்ல.

சட்டம் செய்வது இதற்காகத்தான். கழி அசையக் கூடாது. மூக்கு எதையும் தொடக் கூடாது. மனிதன் எதிரில் நிற்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லாத சட்டம், சட்டமே அல்ல.

பாக்குவெட்டியைப் பாருங்கள்

பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் கீல். மறு முனையில் கைப்பிடி. நடுவில் பாக்கு. கத்தி கீலைச் சுற்றித்தான் இறங்க முடியும். வேறு எங்கும் ஓடிப் போகாது. நம் ரிக்கும் அதே மாதிரிதான்.

முதலில் கட்டு வைக்கும் தொட்டில். மாட்டு வண்டியில் வைக்கோல் ஏற்றும்போது இரு பக்கமும் முளைக்குச்சி நடுகிறோம் அல்லவா? அதைப் போல, ஆங்கிள் இரும்பில் முளைகள் நிற்க வேண்டும். 6 அடி நீளத் தொட்டிலை ஓர் அடிக்கு ஓர் அறையாக ஆறு அறையாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் அடியில் இரண்டு குறுக்குக் கம்பிகள். இரு பக்கமும் முளைகள். அறைக்கும் அறைக்கும் நடுவே ஓர் அங்குலச் சந்து. ரம்பம் இறங்குவது இந்தச் சந்தில்.

ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி ஆதாரம் எதற்கு? வெட்டின் இரு பக்கமும் தாங்கல் இல்லாவிட்டால் கழி நடுவில் தொய்யும். தொய்ந்தால் வெட்டு வாய் மூடி, ஓடுகிற சங்கிலியைக் கவ்விக்கொள்ளும். ஆறு துண்டும் ஆறு இடத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

தொட்டில் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். கால்களை அகல விரித்து வையுங்கள். நான்கு காலிலும் தகடு வைத்துத் தரையோடு முளையடித்துவிட்டால் ஆடாது.

அடுத்தது குழாய். தொட்டிலின் ஒரு பக்கத்தில், அடிமட்டத்துக்குச் சரியாக, ஒரு நீண்ட இரும்புக் குழாயைப் பொருத்துங்கள். அதன்மேல் சற்றுப் பெரிய குழாய்த் துண்டு ஒன்று செருகியிருக்கும். ரம்பம் இந்தத் துண்டில்தான் மாட்டப்படும். துண்டு குழாயைச் சுற்றித் திரும்பும். அதனால் அது கீல். குழாயின்மேல் ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்கு நகரும். அதனால் அது தண்டவாளம். ஒரே குழாய், இரண்டு வேலை!

குழாயின் ஒரு பக்கம் என்ஜின். மறு பக்கம் பட்டை. என்ஜின் கனமாக இருப்பதால் தானாகவே கீழே தொங்கும். பட்டை கோயில் கொடிமரம்போல மேலே நிமிர்ந்து நிற்கும். கையை விட்டால் பட்டை மரத்தின்மேல் விழாது, நிமிர்ந்துவிடும். ஸ்பிரிங் தேவையில்லை. பின் கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கினால் பட்டை சந்துக்குள் இறங்கும்.

இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. பட்டை நிமிர்ந்து நிற்கும்போது, கட்டைத் தொடும் பக்கத்தில் சங்கிலி என்ஜினை நோக்கி, அதாவது கீழ்நோக்கி ஓடுகிறது. எனவே அறுக்கத் தொடங்கும்போது கழிகளைத் தொட்டிலுக்குள் அமுக்குகிறது. பட்டை சாயச் சாய, கழிகளைக் குழாய்ப் பக்கத்து முளைகளின்மேல் இழுக்கிறது. அந்தப் பக்கத்து முளைகள் மட்டும் கூடுதல் பலமாக இருக்க வேண்டும். அவற்றுக்கு வெல்டிங்கை இரட்டையாகப் போடச் சொல்லுங்கள்.

சாக்குக்கட்டிக் கணக்கு

இரும்பை வெட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இதைச் செய்யாமல் பட்டறைக்குப் போகாதீர்கள்.

திண்ணையில் சாக்குக்கட்டியால் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் குழாய். பட்டையின் மூக்கு குழாயிலிருந்து 16 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 16 அங்குல நூல் பிடித்து ஒரு கால் வட்டம் போடுங்கள். மூக்கு போகும் பாதை அதுதான். இப்பொழுது கட்டை அந்த வட்டத்துக்குள் வரையுங்கள். குழாயிலிருந்து 2 அங்குலம் தள்ளி, 10 அங்குல அகலம், 8 அங்குல உயரம். கட்டின் தூர மேல்மூலை புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம்? அளந்து பாருங்கள். பதினாலரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். வட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. சரி.

பேராசைப்பட்டுக் கட்டை 12 அங்குல அகலம், 10 அங்குல உயரம் ஆக்கிப் பாருங்கள். மூலை 17 அங்குலத்துக்கு மேல் போய்விடும். வட்டத்துக்கு வெளியே! என்ன அர்த்தம்? பட்டை இறங்கும்போது மூக்கு கட்டின் நடுவில் புதையும். எது கூடாது என்று மேலே சொன்னோமோ, அதுவே நடக்கும். நான்கு கழி கூடுதலாக ஏற்றுவதற்காக இந்தக் காரியம் வேண்டாம். முளைகளின் உயரத்தையே 8 அங்குலமாக வெட்டிவிட்டால் யாரும் அதற்குமேல் அடுக்க மாட்டார்கள்.

மூக்கு கட்டுக்கு அப்பால் வெளியே வருகிற இடத்தில், தகட்டால் ஒரு கூடு அமைத்துவிட வேண்டும். பட்டை தேவைக்குமேல் இறங்காமல் அடியில் ஒரு தடை. பின்பக்கம் சாயாமல் மேலே ஒரு தடை. கட்டின்மேல் அழுத்தி வைக்க ஒரு கம்பி அல்லது வார். மேல் வரிசைக் கழிகள் துள்ளுவதை அதுதான் தடுக்கும்.

கட்டக் கூடாத கைப்பிடி

ரம்பத்தைக் குழாய்த் துண்டோடு எப்படி இணைப்பது? முன்கைப்பிடி உலோகக் குழாயாக இருக்கும் ரம்பமாகப் பாருங்கள். அதை ரப்பர் வைத்து இரண்டு கிளாம்புகளால் ஒரு தடித்த தகட்டோடு பிடிக்க வேண்டும். தகடு குழாய்த் துண்டோடு வெல்டாகியிருக்கும். பட்டையில் துளை போடாதீர்கள். என்ஜின் கூட்டில் ஆணி இறக்காதீர்கள்.

கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவே அதிர்வு தாங்கும் ரப்பரோ ஸ்பிரிங்கோ இருக்கும். அதனால் பட்டை கொஞ்சம் ஆடத்தான் செய்யும். சந்து ஓர் அங்குலம் இருக்கட்டும் என்றது இதற்காகத்தான்.

முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு காப்பு இருக்கும். அது சங்கிலி பிரேக். அதை முன்னே தள்ளினால் சங்கிலி நின்றுவிடும். கிளாம்பு அதைத் தடுக்கக் கூடாது.

பின் கைப்பிடியைக் கட்டவே கூடாது! அது உங்கள் வலது கைக்கு உரியது. அதில் இரண்டு விசைகள் இருக்கின்றன. உள்ளங்கை மேல் விசையை அழுத்தினால்தான் விரல் கீழ் விசையை இழுக்க முடியும். விரலை விட்டால் என்ஜின் வேகம் தணியும். வேகம் தணிந்தால் உள்ளே இருக்கும் கிளட்ச் விலகிக்கொள்ளும். சங்கிலி நிற்கும்.

வீட்டில் செய்கிறவர்கள் பலர் இங்கேதான் கெடுக்கிறார்கள். விரல் வலிக்கிறது என்று விசையைக் கயிற்றால் கட்டிவிடுகிறார்கள். பிறகு ஆள் தடுமாறினாலும், விழுந்தாலும் சங்கிலி சுற்றிக்கொண்டே இருக்கும். கிணற்று ராட்டினத்துக்குக் கயிறு கட்டலாம். இதற்குக் கட்டக் கூடாது.

நிற்கும் இடமும் முக்கியம். பட்டைக்கு நேர் பின்னால் தலை இருக்கக் கூடாது. சற்று இடப்பக்கம் தள்ளி நின்று, வலக் கையால் கைப்பிடியைத் தூக்க வேண்டும். இடக் கை சட்டத்தின் பிடியில் இருக்கட்டும். அதற்கென்றே ஒரு கைப்பிடியை வெல்டு வைத்துவிட்டால், இடக் கை கட்டைத் தேடிப் போகாது.

ஒரு சந்து அறுத்தாயிற்றா? விசையை விடுங்கள். பட்டை நிமிரட்டும். சங்கிலி நிற்கட்டும். பிரேக்கைப் போடுங்கள். பட்டை முளைகளில் இடிக்காமல் சற்றே பின்னுக்குச் சாய்த்து, அதன் பிறகே அடுத்த சந்துக்கு நகர்த்துங்கள். சிக்கிய சிம்பை எடுக்க வேண்டுமானால் என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, சேலைத் தலைப்பு, தொங்கும் பின்னல் இவை எதுவும் ரம்பத்தின் பக்கத்தில் ஆகா. கால்சட்டை, மூடிய பூட்ஸ், கண்ணாடி வேண்டும். காதுக்கும் அடைப்பு வேண்டும். பெட்ரோல் ரம்பத்தின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். நாள் கணக்கில் கேட்டால் காது கேளாமல் போகும். குழந்தைகள் 50 அடிக்கு அப்பால் இருக்கட்டும். வேடிக்கை பார்க்க இது கழைக்கூத்து அல்ல.

கையில் பிடித்து அறுக்கிறவர்களுக்கு இன்னொரு நோயும் வரும். பல வருஷம் அதிர்வு தாங்கிய விரல்கள் மரத்து, வெளுத்துப் போகும். குளிர் நாடுகளின் மரவெட்டிகளிடம் இந்த நோய் நிறையத் தெரியவந்த பிறகே, 1960-களில் அதிர்வு தாங்கும் கைப்பிடிகள் வந்தன. சட்டத்தில் மாட்டினால் அதிர்வில் ஒரு பங்கைச் சட்டம் வாங்கிக்கொள்ளும்.

பெட்ரோலா, மின்சாரமா?

ரிக் ஒரே இடத்தில் நிற்கப் போகிறது. வீட்டுப் பக்கத்தில் மின்சாரம் இருக்கிறது. அப்படியானால் மின்சார ரம்பமே மேல் என்பது நம் எண்ணம். புகை இல்லை. சத்தம் குறைவு. பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் வேலை இல்லை. 2000 வாட் ரம்பம் இந்தக் கட்டுக்குப் போதும். எர்த் உள்ள பிளக்கும், கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம். மழையில் ஓட்டக் கூடாது. வயர் சந்துப் பக்கம் வராமல் உயரத்தில் தொங்கட்டும். பம்புசெட்டு இணைப்பிலிருந்து வயர் இழுக்க வேண்டாம். அந்த மின்சாரம் தண்ணீர் இறைக்கக் கொடுத்தது.

தோட்டத்தில் மின்சாரம் இல்லாதவர்களுக்குப் பெட்ரோல் ரம்பந்தான். அதன் என்ஜின் சாய்ந்தாலும் தொங்கினாலும் நிற்காது. அப்படித்தான் அதன் கார்புரேட்டரை அமைத்திருக்கிறார்கள். இரண்டு ஸ்டிரோக் என்ஜின் ஆகையால் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்று கம்பெனிக்காரர் சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி. இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லி. எது என்பதை அதன் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கிலிக்குத் தனி எண்ணெய்த் தொட்டி உண்டு. அதில் லாரியிலிருந்து வடித்த கரி எண்ணெயை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இரும்புத் துகள் இருக்கும். பட்டையைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு அந்த எண்ணெய் தோலுக்கும் ஆகாது.

ரம்பம் கூர்மையாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கீழே விழுவதைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் கூர்மை. மாவு மாதிரி விழுந்தால் மொட்டை. மொட்டைப் பல்லை வைத்து அமுக்கி அறுக்காதீர்கள். உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லையும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். இடப் பல்லுக்கு மூன்று இழுப்பு என்றால் வலப் பல்லுக்கும் மூன்று. ஒரு பக்கம் கூடினால் ரம்பம் கோணலாக ஓடிச் சந்தின் இரும்பில் முட்டும். மண் ஒட்டிய கழியை அறுத்தால் ஒரே நிமிஷத்தில் கூர்மை போய்விடும். கழிகளைத் தட்டி, துடைத்து அடுக்குங்கள்.

யாருக்கு வேண்டாம்?

வாரத்துக்கு ஒரு கட்டு விறகு எரிக்கும் வீட்டுக்கு இந்த ரிக் வேண்டாம். ஒரு நல்ல வில் ரம்பமும் கொடுவாளும் போதும். எக்ஸ் வடிவில் நான்கு மரம் அடித்த ஒரு குதிரை இருந்தால், அந்த வேலையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். வண்டி வண்டியாகக் கழி வருகிற தோட்டக்காரருக்கும், விறகுக் கடைக்காரருக்கும், நாலைந்து வீடு சேர்ந்து செய்துகொள்வதற்குமே ரிக் கட்டும்.

அடிமரம்போலப் பருத்த கட்டையை இதில் ஏற்றக் கூடாது. அதைத் தரையில் போட்டுத் துண்டாக்கி, கோடரியால் பிளப்பதுதான் முறை. துண்டு குட்டையாக இருந்தால் பிளப்பதும் சுலபம்.

அறுத்த துண்டுகளை உடனே எரிக்காதீர்கள். பச்சை மரத்தின் எடையில் பாதிக்குக் கிட்டத்தட்டத் தண்ணீராகவே இருக்கும். அதை அடுப்பில் வைத்தால், நெருப்பு முதலில் தண்ணீரைக் காய்ச்சும். பிறகுதான் சோற்றைக் காய்ச்சும். நடுவில் வருகிற புகை முழுவதும் அடுப்படியில் இருக்கிறவர் கண்ணுக்கும் நெஞ்சுக்கும். மரத்திலுள்ள தண்ணீர் பக்கவாட்டில் போவதைவிட, வெட்டு வாய் வழியாகவே மிக வேகமாக வெளியேறும். ஆகையால் ஆறடிக் கழியாகக் கிடப்பதைவிட, ஓர் அடித் துண்டுகளாக அடுக்கினால் சீக்கிரம் காயும். மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்கு விட்டு, தரையில் படாமல் இரண்டு கட்டைமேல் அடுக்க வேண்டும்.

எந்த மரத்தை அறுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். காட்டு மரத்தில் கை வைக்கக் கூடாது. மலைப் பகுதிகளில் மரங்களைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அறிவிக்கப்பட்ட மலைப் பகுதிகளில், சொந்த நிலத்து மரமானாலும் வெட்ட அனுமதி கேட்க வேண்டும். மலையிலிருந்து வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

கடைசியில், ரிக்குக்கு அடியில் குவியும் மரச்சீவல்.  சங்கிலி எண்ணெய் பட்டிருப்பதால் இதைக் கோழிக்கு விரிக்க வேண்டாம். செடிக்கும் போட வேண்டாம். பழைய மரத்தூள் அடுப்பு வீட்டில் இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு தகர டின் போதும். அடியில் பக்கவாட்டில் ஒரு துளை போடுங்கள். அதன் வழியே ஒரு கழியைச் செருகுங்கள். நடுவில் இன்னொரு கழியை அதன்மேல் நிறுத்துங்கள். சீவலோடு தச்சுப் பட்டறைத் தூளையும் கலந்து சுற்றிலும் இறுக்கி இடியுங்கள். பிறகு இரண்டு கழியையும் மெதுவாக உருவிவிட்டு, கீழ்த் துளையில் தீ வையுங்கள். வாசலில் வைத்து எரித்தால் ஒரு அண்டா வெந்நீர் காயும்.